கசிவை அடைத்த பசை

தியானப் பகுதி: எசேக்கியேல் 13:10–16



சில வாரங்களாக நான் பேருந்திலும், உங்கள் வாகனங்களின் பின்னிருக்கையிலும் வீடு சந்திப்புக்கு வருவதைக் கண்டு, "புல்லட் எங்கே ஐயா?" என்று அநேகர் கேட்டீர்கள். "வேலைக்கு விட்டிருக்கிறேன்" என்று சுருக்கமாகச் சொல்லி வந்தேன். அது முழு உண்மையன்று. வண்டி போதகர் இல்லத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. கழற்றியவன் நானே. ஐம்பத்து நான்கு வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் எஞ்சினைத் திறந்து உள்ளே பார்த்தேன். அங்கே கண்டதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு பகுதியை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

அந்த வண்டியை நீங்கள் அறிவீர்கள். என் தாய்மாமன் ஓட்டிய பழைய 350 சி.சி. புல்லட். எனக்குக் குருப்பட்டம் கிடைத்த ஆண்டில், "கிராமங்களுக்குப் போக வேண்டியவன் நீ, வைத்துக்கொள்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். தையல் ஊசி செய்த ஆலை ஒன்றின் வழிவந்த இங்கிலாந்து நிறுவனம் வடிவமைத்த வண்டி அது. 1955-இல் அந்நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச்சேர்ந்தது. அதுமுதல் புல்லட் நம் சென்னையின் வண்டியாயிற்று. எல்லைக் காவலுக்காக இராணுவம் தேர்ந்தெடுத்த அதே வண்டி, துறையூரிலிருந்து உப்பிலியபுரத்திற்கும், பச்சைமலையின் வளைவுகளில் ஏறிச் செங்காட்டுப்பட்டிக்கும் என்னைச் சுமந்து சென்றது. திருவிருந்துப் பாத்திரங்களும் அதன் பக்கப்பெட்டியில்தான் பயணம் செய்தன.

கடந்த ஆண்டு மழைக்காலத்திற்குப் பின் எஞ்சினில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சமதரையில் தெரியாது, மலையேற்றத்தில் மட்டும் கேட்கும். டேப்பட் தளர்ந்திருக்கும் என்று நானே முடிவு செய்து மூன்று முறை சரிசெய்யச் சொன்னேன். எண்ணெய் அளவை வாரந்தோறும் பார்த்தேன், குறையவில்லை. எண்ணெய் நிறைந்திருக்கும்போது எஞ்சினுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

நம் சபையில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களைச் செய்துகொடுத்த பணிமனை அது. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபடியால் எழுதவில்லை. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அடுத்த வாரம், ஆராதனை முடிந்து நான் வண்டியைக் கிளப்பியபோது, "அணைச்சிராதீங்க ஐயா" என்று கையமர்த்தினார். நீண்ட திருப்புளி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன் நுனியை எஞ்சினின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். தலைப்பகுதியில் வைத்தார், நடுவில் வைத்தார், அடியில் வைத்தார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பது போலிருந்தது.

"டேப்பட்டுன்னா டிக்டிக்குன்னு லேசா இருக்கும். இது தொம்தொம்முன்னு அடியிலிருந்து வருது. மேல இல்லை ஐயா, கீழ. திறந்துதான் பாக்கணும்."

"யாரிடம் கொடுக்கலாம் அண்ணே?"

"ஏன் குடுக்கணும்? நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். நீங்களே கழட்டுங்க."

அப்படித்தான் தொடங்கிற்று. நான் விடுப்பிலிருந்த மே மாதத்தின் மூன்று நாள்கள். முதல் நாள் அவர் கற்பித்தது ஸ்பானர் பிடிப்பதை அன்று, வரிசையை. "கழட்டுறது யாருக்கும் வரும். எதை எங்கேருந்து எடுத்தோம்னு வைக்கிறதுதான் வேலை." என் துணைவியார் பழைய இட்லித் தட்டுகளைத் தந்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு பகுதியின் திருகுகள். பக்கத்தில் தாளில் குறிப்பு. "இனி இதில் இட்லி அவிக்க முடியாது" என்றார். நான் ஈடாக ஒன்று வாங்கித் தருவதாக வாக்களித்தேன், இன்னும் நிறைவேற்றவில்லை.

எண்ணெயை வடித்தோம். பெரியவர் அதில் சிறிது வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துக் காட்டினார். கறுத்த எண்ணெயில் நுண்ணிய பொன்னிறத் துகள்கள் மின்னின. அழகாயிருக்கிறது என்று நான் நினைத்த கணத்தில் அவர் சொன்னார்: "இது உள்ள இருக்க வேண்டிய உலோகம் ஐயா. தேய்ஞ்சு வெளிய வந்துட்டிருக்கு."

பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் இறங்கின. ஹெட்டைக் கழற்றும்போது ஒரு நட்டை முழுவதும் திருகி எடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கால் சுற்று, பின் மீண்டும் கால் சுற்று என்றுதான் தளர்த்த வேண்டுமாம். ஒரு பக்கத்தை முழுவதும் விடுவித்து மறுபக்கத்தை இறுக்கமாக விட்டால் இரும்பும் வளையும். இரு தரப்பு வழக்கைக் கேட்கும் போதகன் நினைவில் வைக்க வேண்டியது என்று அன்றிரவு குறித்து வைத்தேன்.

ஹெட் எழும்பியபோது பிஸ்டனின் மேற்பரப்பு தெரிந்தது. அடுப்புக்கரி படிந்த சட்டியின் அடியைப் போன்ற கருமை. அதன் கீழே 70 மில்லிமீட்டர் அகலமுள்ள உருளை. அதற்குள் 90 மில்லிமீட்டர் தூரம் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு நொடியும் ஐம்பது முறை மேலே, ஐம்பது முறை கீழே. இத்தனை ஆண்டுகள் என் முழங்கால்களுக்கிடையே இது நடந்துகொண்டிருந்தது. நானோ ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. இந்த ஏற்ற இறக்கத்தில் நான்கு ஓட்டங்களுக்கு ஒன்றுதான் விசை தருகிறது. எரிபொருளை இழுப்பது, அழுத்துவது, எரிந்ததை வெளியேற்றுவது ஆகிய மற்ற மூன்றையும், அந்த ஒன்றில் பெற்ற வேகத்தைச் சேமித்து வைத்திருக்கும் கனமான சக்கரமே நடத்தி முடிக்கிறது. 1876-இல் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ ஓட்டிக்காட்டிய முறை இன்றும் மாறவில்லை.

உருளையை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். மேல் விளிம்பில் நகம் தட்டியது. பிஸ்டன் வளையம் எட்டாத இடம் பழைய அளவிலேயே நிற்க, எட்டிய இடமெல்லாம் தேய்ந்ததால் உண்டான படி அது. வால்வுகள் உட்காரும் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஒன்றில் நின்றது, மற்றொன்றில் மெல்லக் கசிந்தது. "இதெல்லாம் வயசு. இதுக்காக அந்தச் சத்தம் வராது. வாங்க, கீழ போவோம்."

இரண்டாம் நாள் மாலை, கன்ராடைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிஸ்டனையும் சுழலும் தண்டையும் இணைக்கும் உருக்குக் கை அது. "பக்கவாட்டுல கொஞ்சம் அசையணும், அசையலைன்னா சிக்கிரும். மேலயும் கீழயும் மட்டும் மயிரிழை கூட அசையக் கூடாது." நான் பிடித்து மேலே இழுத்தேன். அசைந்தது. உள்ளங்கையில் ஒரு சிறிய தட்டல் தெளிவாக உணர்ந்தேன். மலையேற்றத்தில் நான் கேட்ட சத்தத்தின் இருப்பிடம் அதுவே.

கன்ராடின் அடியில் மிதக்கும் புஷ் என்ற வளையம் ஒன்று உண்டு. அது உலோகத்தின்மேல் ஓடுவதில்லை. எண்ணெயின் மெல்லிய படலத்தின்மேல் ஓடுகிறது. படலம் இருக்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். அப்படியானால் எண்ணெய் ஏன் வரவில்லை? அளவு ஒருநாளும் குறையவில்லையே! கேட்டேன்.

"குறையலை ஐயா. போய்ச் சேரலை."

மூன்றாம் நாள் காலை வலப்பக்கத்து டைமிங் கவரைத் திறந்தோம். எண்ணெய்ப் பம்புகள் இருக்குமிடம் அது. ஒன்று எண்ணெயை அனுப்புவது, மற்றொன்று அதைத் திரட்டித் திருப்புவது. இரண்டும் நலமாகவே இருந்தன. கவரின் உள் விளிம்பைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில், காய்ந்த புழுக்களைப் போலப் பிதுங்கி நின்றது பசை. பேக்கிங் தாளோடு சேர்த்துக் கசிவை அடைக்கப் பூசும் பசை. பெரியவர் மெல்லிய கம்பியொன்றை எண்ணெய் வழியில் நுழைத்து இழுத்தார். அரிசியின் பருமனும் விரல் நுனியின் நீளமும் கொண்ட பசைத் துண்டு வெளியே வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"யாரோ அள்ளிப் பூசியிருக்காங்க. உள்ள பிதுங்கினது பிஞ்சு, எண்ணெயோட போய் வழியை அடைச்சிருக்கு."

யாரோ அல்ல. அந்தப் பசையின் கதையை நான் அறிவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கவரின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. பெரிய கசிவன்று. நிறுத்திய இடத்தில் நாலைந்து சொட்டு. ஆனால் என் வெள்ளைக் கால்சட்டையில் கறை படிந்தது. ஒரு திருமண நாளில் ஆலய முகப்பின் புதிய தரையில் சொட்டி, விருந்தினர் முன் எனக்கு வெட்கமாயிற்று. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த இளைஞன் சரியாகவே சொன்னான்: "கவரைக் கழட்டி, மட்டமா இருக்கான்னு பாத்து, புதுப் பேக்கிங் போடணும் ஐயா. ஒருநாள் ஆகும்." மறுநாள் ஞாயிறு. "அதற்கெல்லாம் நேரமில்லை தம்பி. எவ்வளவு பசை வேண்டுமானாலும் போடு. ஒரு சொட்டு வெளியே தெரியக் கூடாது" என்றேன். அவன் தயங்கினான். நான் வற்புறுத்தினேன். அவன் பூசினான். ஒரு சொட்டும் வெளியே தெரியவில்லை. நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

சகோதர சகோதரிகளே, எண்ணெய் கறையென்று வெட்கப்பட்டேன். அந்தக் கசிவோ உள்ளே ஏதோ சரியில்லை என்று எனக்குச் சொல்ல வந்த செய்தி. அதன் வாயை நான் அடைத்தேன். அடைத்த அதே பொருள் உள்ளே போய் எஞ்சினைக் கொன்றுகொண்டிருந்தது.

அந்தப் பசைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு குரல் எனக்குள் கேட்டது. நான் முன்பு ஊழியஞ்செய்த ஒரு சபையில், ஓர் இளம் தாய் ஒரு மாலையில் போதகர் இல்லத்துக்கு வந்தார். கணவர் குடித்துவிட்டு அடிப்பதாகச் சொன்னார். கணவர் எல்லோருக்கும் தெரிந்தவர், பாடற்குழுவில் இருந்தவர். அடுத்த மாதம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது இதுதான்: "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது அம்மா. ஜெபம் பண்ணுங்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்." கணவரையும் அழைத்து இருவருக்காகவும் ஜெபித்து, கைகளைச் சேர்த்து வைத்து அனுப்பினேன். பண்டிகை அன்று இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அதன் பின் அந்தப் பெண் என்னிடம் ஒருநாளும் எதையும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். ஓராண்டு கழித்து, கையெலும்பு முறிந்த நிலையில், குழந்தையோடு தாய்வீடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்கு மாற்றம் வந்திருந்தது. கேள்விப்பட்டதோடு நின்றுவிட்டேன்.

எசேக்கியேலின் நாளில் ஒருவர் பலவீனமான சுவர் எழுப்ப, தீர்க்கதரிசிகள் அதன்மேல் சாந்து பூசினார்கள் என்று வாசிக்கிறோம். சமாதானம் இல்லாதிருக்கையில் சமாதானம் என்று சொன்னது அவர்கள் குற்றம். எரேமியாவும் ஆறாம் அதிகாரத்தில் அதையே கண்டிக்கிறார்: ஜனத்தின் காயத்தை ஆழம் பாராமல் மேலோட்டமாக ஆற்றினார்கள் என்கிறார். இவ்வசனங்களை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கள்ளத் தீர்க்கதரிசிகள் என்றால் வேறு யாரோ என்றே எண்ணியிருந்தேன். கவனித்துப் பாருங்கள்: பெருமழையும் கல்மழையும் வந்து அந்தச் சுவர் விழும்போது தேவன் முதலில் கேட்பது சாந்தைப் பற்றித்தான். சுவர் கட்டினவன் திறமையற்றவனாக இருக்கலாம். பூசினவனோ தெரிந்தே மறைத்தவன்.

விடுப்பு முடியுமுன் ஒருநாள் பேருந்தேறி, துணைவியாரோடு அந்தப் பெண்ணின் தாய்வீட்டுக்குப் போனேன். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, வரலாம் என்று சொன்ன பிறகே போனேன். தையல் வேலை செய்கிறார்; குழந்தை பள்ளிக்குப் போகிறது. தேநீர் கொடுத்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: "அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னது தவறு அம்மா. உங்களைப் பாதுகாக்க வேண்டிய இடத்தில் பண்டிகையைப் பாதுகாத்தேன். என்னை மன்னிக்க வேண்டும்."

நெடுநேரம் தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் அன்னைக்கு உங்ககிட்ட அறிவுரை கேட்டு வரலை ஐயா. யாராவது ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்னு வந்தேன். நீங்க சொன்னப்புறம், யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஆயிடுச்சு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. விடைபெறும்போது ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "இன்னைக்கு வேண்டாம் ஐயா" என்றார். நாங்கள் ஜெபியாமல் எழுந்து வந்தோம். இதை எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, "பேரு, ஊரு வேண்டாம். ஆனா நீங்க அன்னைக்கு சொன்னதை மாத்தாம எழுதுங்க" என்றார். மேலே எழுதியிருப்பது மாற்றாத சொற்கள்.

மதுரை அரசரடியில் இறையியல் பயின்ற நாள்களில் ஒரு கிரேக்க வினைச்சொல்லைக் கற்றோம்: கதார்ட்டிட்ஸோ. மாற்கு முதலாம் அதிகாரத்தில் செபெதேயுவின் குமாரர் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்னுமிடத்தில் அச்சொல் வருகிறது. கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில், குற்றத்தில் அகப்பட்டவனைச் சீர்பொருந்தப் பண்ணுவதற்குப் பவுல் அதே சொல்லைத்தான் எடுக்கிறார். கிரேக்க மருத்துவர்கள் பிசகிய எலும்பை இருத்துவதற்கும் அச்சொல் குடும்பத்தையே வழங்கினர். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். ஆனால் வலையைப் பழுதுபார்ப்பவன் முதலில் அதை வெயிலில் விரித்துக் கிழிசலைத் தேடுகிறான் என்பதும், எலும்பை இருத்துகிறவன் வீங்கிய இடத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்பதும், கைகளில் எண்ணெய் படிந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. திறந்து பாராமல் சீர்ப்படுத்துதல் என்பது வேதத்தில் இல்லை.

கிராங்க் திருச்சியிலுள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போய், புதிய புஷ்ஷோடு திரும்பி வந்தது. உருளையைக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டோம். எல்லா எண்ணெய் வழிகளையும் காற்றடித்துச் சுத்தம் செய்தோம். இட்லித் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு திருகும் மிஞ்சவில்லை. டைமிங் கவருக்குப் புதிய பேக்கிங் வைத்து, பெரியவர் விரல் நுனியால் பசையைத் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குத் தடவினார். எட்டாவது உதையில் எஞ்சின் உயிர்பெற்றது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஆகையால் வீடு சந்திப்புக்குச் சற்றுத் தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கசிவு இருந்தால் அதை என்னிடமிருந்து மறைக்க வேண்டாம். சபையின் நற்பெயருக்காக யாரும் அடிபட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் விசுவாசிகளுக்கும் உரியதே. புதன்கிழமை மாலைகளில் என் துணைவியாரும் நானும் இல்லத்தில் இருப்போம். வந்தவுடன் ஜெபித்து அனுப்பிவிட மாட்டோம், முதலில் கேட்போம். தகப்பன்மாரே, மூப்பர்களே, உங்களிடம் யாரேனும் கண்ணீரோடு வரும்போது, "வெளியே தெரியக் கூடாது" என்பது உங்கள் வாயின் முதல் வார்த்தையாக இருந்தால், சற்று நிறுத்தி, அது யாரைக் காப்பாற்றுகிறது என்று உங்களையே கேளுங்கள்.

ஞாயிறன்று ஆலய முகப்பில் வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பழைய தட்டு வைக்கிறேன், பார்த்திருப்பீர்கள். ஆம், ஒன்றிரண்டு சொட்டு இன்னும் கசிகிறது. துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறேன்.

ஜெபம்: உள்ளத்தை ஆராய்கிற ஆண்டவரே, மறைத்ததைச் சமாதானம் என்று நான் பெயரிட்ட நாள்களுக்காக என்னை மன்னியும். வாய் அடைக்கப்பட்டவர்களின் குரலை எங்கள் சபை கேட்கச் செய்யும். எங்களைத் திறந்து பாரும், தேய்ந்ததை மாற்றும், உம்முடைய எண்ணெய் போய்ச் சேராத இடம் எங்களில் ஒன்றும் இராதபடி காத்தருளும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்,
துறையூர்